பிரான்சுப் பயணிக்குச் சில சொற்கள்

தில்லியிலோ கான்பூரிலோ வந்து தங்கிய முதல் மாதத்தில், ‘கித்னே கா?’ என்று விலை கேட்கத் தொடங்கிய நாம் எந்த இலக்கண நூலையும் புரட்டவில்லை. காய்கறிக்காரரும் ரிக்ஷாக்காரருமே நமக்கு ஆசிரியராயினர். பிரான்சு செல்லவிருக்கும் நேயர்கள் அந்தப் பழக்கத்தையே முதலாகக் கொள்ளலாம்.

கடையில் நுழைந்ததும் பொருளின் பெயரைச் சொல்வது நம் வழக்கம். அங்கே அது மரியாதைக் குறைவு. பெண்ணாயின் ‘போன்ஜூர், மதாம்’, ஆணாயின் ‘போன்ஜூர், மிஸ்யோ’ என்று வணக்கம் கூறிய பின்னரே வேண்டியதைக் கேட்க வேண்டும். கேட்கையில் ‘ஸில் வூ ப்ளே’, பெற்றபின் ‘மெர்ஸி’. ‘வூ’ என்பது நமது ‘நீங்கள்’. ‘நீ’ என்பதற்கு வேறு சொல் உண்டு. புதியவரிடம் ‘வூ’ என்றே பேசுவர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இங்கே தடுமாறுவார். தமிழருக்கு இது தாய்மொழியிலேயே உள்ளதன்றோ!

‘போன்’ என்பதில் னகரம் தெளிவாக ஒலிப்பதில்லை. உயிரொலி மூக்கில் கரைகிறது. ‘மரம்’ என்று எழுதிவிட்டு, பேச்சில் கடைசி மகரத்தை நாம் என்ன செய்கிறோமோ அதுவேதான். இறுதி மெய்களும் பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிடும். பாரிஸ் நகரை அந்நாட்டார் ‘பாரி’ என்றே அழைப்பர். ஆதலின் இம்மொழியைக் கண்ணால் கற்பதைவிடக் காதால் கற்பது நன்று.

சைவ உணவினர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் உணவு விடுதி. ‘ஸான் வியாந்த்’ என்றால் இறைச்சியின்றி என்று பொருள். ஆனால் மீன் அவர்களுக்கு ‘வியாந்த்’ அன்று. எனவே ‘ஸான் புவாஸ்ஸோன்’ என்றும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: நடுவிலுள்ள ஸகரத்தைக் கூர்மையாக ஒலித்தால் மீன், ‘மேஜ்’ என்பதன் இறுதியை வடநாட்டார் ஒலிப்பதுபோல் அதிரச் செய்தால் நஞ்சு! பரிமாறுபவர் புரிந்துகொள்வார் என்றாலும், நகைப்புக்கு இடமாகும். தண்ணீருக்கு ‘யூன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்நீர்க் குடுவை உணவோடு விலையின்றி வரும். வெறுமனே தண்ணீர் என்றால் விலைப் புட்டி வந்துவிடக் கூடும்.

‘ஊ எ லா கார்?’ – நிலையம் எங்கே? ‘லா’ பெண்பால், ‘லெ’ ஆண்பால். இந்தியில் பால் வேறுபாட்டோடு போராடிய நமக்கு இது புதிதன்று. ஆயினும் அந்தக் கணக்கை இங்கே நம்பலாகாது. இந்தியில் பெண்பாலான ரயில்வண்டி பிரெஞ்சில் ஆண்பால். சொல்லோடு ‘லா’, ‘லெ’யையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ளுதல் எளிது.

எண்களே உண்மையான தொல்லை. 70 என்பது ‘அறுபது-பத்து’. 80 ‘நான்கு இருபது’. 95 ‘நான்கு இருபது பதினைந்து’! பெல்ஜியத்தார் 70க்கும் 90க்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு பிழைத்தனர். ‘கொம்பியேன்?’ என்று விலை கேட்டு, விடை விளங்காவிடில், தாளை நீட்டி, ‘எக்ரிவே, ஸில் வூ ப்ளே’ – எழுதுங்கள் – என்று கேட்டுவிடலாம், அதில் வெட்கமொன்றுமில்லை.