முதலில் வந்தவன் முன்னுக்கு வருவானா?

பொழுது புலரவில்லை. நெய்வேலி நகரியத்தின் அகலமான தெருக்களில் பனி இறங்கியிருக்கிறது. முதல் ஷிப்டு தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துப் பஸ் போகிறது. தெரு காலியானதும் ஒரு பையன் சைக்கிளில் பறக்கிறான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று!

இப்படி ஒரு பையனையும் அவன் குடும்பத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு வயது 14. அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டித் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் சைக்கிள் பந்தயம் நடக்கிறது அல்லவா? பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு அதில் 20 கிலோமீட்டர் தூரம். சாதாரண சைக்கிளில்தான் ஓட வேண்டும். அதில் இந்தப் பையன் முதலாவதாக வந்துவிட்டான்.

அன்று முதல் வீட்டில் நிம்மதி இல்லை!

"நம்ம பையன் ஒலிம்பிக்குக்குப் போவான். நல்ல பந்தய சைக்கிள் வாங்கிக் கொடுக்கணும்" என்கிறார் அப்பா. விசாரித்தால் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது.

"ஏங்க, என் நகையை அடகு வைக்கிறதைப் பத்தி நான் கவலைப்படலை. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு பரீட்சை வருதே! சைக்கிளும் இல்லாம, படிப்பும் இல்லாம நின்னா என்ன செய்றது?" என்கிறார் அம்மா.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பையன் தேறுவானா என்று இப்போதே எப்படிச் சொல்வது? சைக்கிள் உலகத்தின் பெரிய நிபுணர்களையே திணற வைக்கும் கேள்வி இது.

கிணற்றில் வந்த கரி

இதற்கு நெய்வேலி மண்ணே ஒரு பாடம் சொல்கிறது.

1934-ம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் மேலே வந்தன. அதைக் கண்டு அவர் சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிவித்தார்.

ஆனால், கறுப்புத் துகளைக் கண்ட மறுநாளே யாரும் சுரங்கம் வெட்டிவிடவில்லை. பல இடங்களில் துளை போட்டுப் பார்த்தார்கள். கரி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அடியில் ஊற்றுநீர் எவ்வளவு வேகத்தோடு முட்டுகிறது என்றெல்லாம் கணக்கிட்டார்கள். 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல்தான் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைக் கண்டது!

பையன் வாங்கி வந்த கோப்பையும் அந்தக் கறுப்புத் துகள் மாதிரிதான். அடியில் ஏதோ இருக்கிறது என்று அது சொல்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை.

ஏமாந்த நிபுணர்

ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே ஆந்திரே ஹாப்ட்மன் என்று ஒரு பயிற்சியாளர். அவரே பெரிய வீரராக இருந்தவர். 2001-ல் உலக சாலைப் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் வாங்கியவர்.

ஒரு நாள் அவர் சிறுவர்கள் பந்தயம் ஒன்றுக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். பெரிய பையன்கள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வெகு தூரம் பின்னால் ஒரு சின்னஞ்சிறு பையன் தனியாக மிதித்துக்கொண்டிருந்தான்.

ஹாப்ட்மனுக்கு மனம் இரங்கியது. பாவம், அந்தக் குழந்தைக்கு ஏதாவது உதவி செய்யக்கூடாதா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் பின்தங்கியவன் அல்ல! எல்லோரையும் முந்திப் போய், ஒரு சுற்றே கூடுதலாகப் போட்டு, மறுபடியும் அவர்களைப் பிடிக்க வந்துகொண்டிருந்தான்!

அந்தச் சிறுவன்தான் தாடேய் பொகாச்சார். 2020-ல் 22 வயது நிறைவதற்கு முந்தின நாள் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். சுமார் 3,400 கிலோமீட்டர் தூரத்தை மூன்று வாரங்களில் ஓடும் பந்தயம் அது.

பழகிய கண்ணுக்குக்கூட, பந்தயத்தை ஒரு நிமிடம் பார்த்தால் கடைசிப் பையனும் முதல் பையனும் ஒன்றாகவே தெரிகிறார்கள்!

இரண்டு வயது

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழில் உள்ள வயது. மற்றொன்று உடம்பின் வயது.

பதினான்கு வயதுப் பையன்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவன் குரல்கூட உடையாமல் குழந்தை போல இருப்பான். சீக்கிரம் வளர்ந்தவனுக்குத் தசை அதிகம். அவன் ஜெயிப்பதில் அதிசயம் இல்லை. நான்கு வருஷம் கழித்து எல்லோரும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது அவனுடைய முன்தூக்கம் மறைந்து போகலாம்.

எனவே, பையன் ஜெயித்தானா என்று மட்டும் பார்க்கக்கூடாது. யாரை ஜெயித்தான், அவர்கள் எவ்வளவு வளர்ந்தவர்கள் என்றும் பார்க்க வேண்டும். வளர்த்தியில் பின்தங்கிய பையன் ஐந்தாவதாக வந்தால், அதுவே பெரிய விஷயமாக இருக்கலாம்.

வாட் கணக்கு

மின்சாரம் எடுக்கும் ஊருக்கு வாட் கணக்கு புதிதல்ல. சைக்கிள் வீரனின் சக்தியையும் வாட்டில்தான் அளக்கிறார்கள்.

டூர் டி பிரான்ஸ் மலைச்சாலையில் முன்னணி வீரர்கள், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 6 வாட் வீதம், அரை மணி நேரம்வரை சக்தி கொடுக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள வீரர் என்றால் 360 வாட். பழைய 60 வாட் குண்டு பல்புகள் ஆறு எரியும் சக்தி, இரண்டு கால்களிலிருந்து வருகிறது!

பிராணவாயுக் கணக்கும் உண்டு. பயிற்சி இல்லாத வாலிபனின் உடம்பு, கடுமையாக உழைக்கும்போது, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 40 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்தும். உலக வீரர்களின் உடம்பு 70, 80 என்று பயன்படுத்தும்.

இந்த எண்கள் உபயோகமானவைதாம். ஆனால், இன்றைக்கு எவ்வளவு என்றுதான் அவை சொல்லும். ஒரே எண் வாங்கிய இரண்டு பையன்களில் ஒருவன் இரண்டு வருஷமாகக் கடும் பயிற்சி எடுத்தவன், மற்றவன் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவன் என்றால், யார் இன்னும் வளர இடம் அதிகம் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு நிமிடமும் மூன்று வாரமும்

நம் நாட்டுப் பிள்ளைகளால் முடியுமா என்று சந்தேகப்படத் தேவையில்லை. அந்தமான் நிகோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 2019-ல் ஜெர்மனியில் தங்கமே வாங்கினார். மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங் 2022-ல் டில்லியில் நடந்த ஆசியப் பந்தயத்தில் வெள்ளி வென்றார்.

இவை வட்டத் தடத்தில், ஓரிரு நிமிடங்களில் முடியும் வேகப் பந்தயங்கள். பயிற்சிக் கூடத்துச் சைக்கிளில் சில விநாடி மிதிக்க வைத்தாலே அந்த வேகத்தை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

சாலைப் பந்தயம் வேறு. நான்கு மணி, ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். வெயில், மழை, எதிர்காற்று, மலை எல்லாம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நடுவே இடிபடாமல் ஓட வேண்டும். இந்திய வீரர் எவரும் இன்னும் டூர் டி பிரான்ஸில் ஓடியதில்லை. சாலை வீரன் உருவாகப் பல வருஷம் பிடிக்கும். அவனை எடை போடவும் பல வருஷம் பிடிக்கும்.

நெய்வேலி சமவெளி வேறு. இங்கே மலை என்று தெரிவதெல்லாம் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுதான்! பையன் மலை ஏறுவானா என்று பார்க்கக் கல்வராயன் மலைக்கோ ஏற்காட்டுக்கோ அழைத்துப் போக வேண்டும்.

தாமதமாக வந்தவர்கள்

பதினான்கு வயதில் கண்டுபிடிக்காவிட்டால் எல்லாம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் சிறு வயதில் கால்பந்து ஆடியவர். 2017-ல், 17 வயதில்தான் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். மறு வருஷமே உலக இளையோர் பட்டங்கள் இரண்டை வென்றார். 2020-ல் இத்தாலியில் ஒரு பாலத்திலிருந்து பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வாங்கினார்!

ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர். 22 வயதில்தான் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார்.

ஆப்பிரிக்காவில் எரித்ரியா ஏழை நாடு. அங்கே அஸ்மாரா நகரில் பிறந்தவர் பினியம் கிர்மாய். சுவிட்சர்லாந்தில் உள்ள உலக சைக்கிள் மையத்தில் அவருக்குப் பயிற்சி கிடைத்தது. 2018-ல் இளைஞர் பந்தயம் ஒன்றின் ஒரு நாள் ஓட்டத்தில் எவனபூலையே முந்தினார். 2024-ல் டூர் டி பிரான்ஸில் மூன்று நாள் ஓட்டங்களை வென்று பச்சைச் சட்டை அணிந்தார். திறமை எந்த ஊரிலும் பிறக்கும். அது வளர, தட்டிய கதவு திறக்க வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

விலை உயர்ந்த கருவி இல்லாமலே பெற்றோரும் பி.டி. வாத்தியாரும் சிலவற்றைக் கவனிக்கலாம்.

பையன் விடியற்காலையில் தானாக எழுந்திருக்கிறானா, அப்பா எழுப்ப வேண்டியிருக்கிறதா?

தோற்ற மறுநாள் சைக்கிளை எடுக்கிறானா, மூலையில் சாத்தி வைக்கிறானா?

இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த பிறகும் அவன் கால்களில் வேகம் மிச்சம் இருக்கிறதா?

கூட்டத்தில் முன்னால் போகிறவனின் பின்னால் ஒட்டி ஓடி, காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ளத் தெரிகிறதா? வளைவிலும் பிரேக் பிடிப்பதிலும் நிதானம் உண்டா?

முழங்கால் வலித்தால் ஒளிக்காமல் சொல்கிறானா?

போன வருஷத்தைவிட இந்த வருஷம் முன்னேறி இருக்கிறானா? ஒரு வெற்றியைவிட மூன்று வருஷ முன்னேற்றம் நம்பகமான சாட்சி.

நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம்.

அம்மா நகையை அடகு வைக்க வேண்டாம். பதினான்கு வயதுப் பையன் இன்னும் உயரமாக வளர்வான். இன்று லட்சம் கொடுத்து வாங்கும் சைக்கிள் இரண்டு வருஷத்தில் சிறிதாகிவிடும். அளவுக்குப் பொருந்திய எளிய சைக்கிளும், நல்ல ஹெல்மெட்டும், வயிறு நிறைய ஆகாரமும், ராத்திரி நல்ல தூக்கமும் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

பள்ளிப் படிப்பை நிறுத்தவும் வேண்டாம். விளையாட்டைத் தடுக்கவும் வேண்டாம். இரண்டு கதவுகளையும் பதினெட்டு வயதுவரை திறந்து வைத்திருந்தால் போதும். அதற்குள் பையனே பதில் சொல்லிவிடுவான். அவன் உலக வீரன் ஆகாவிட்டாலும், பலமான நெஞ்சும் தோல்வியைத் தாங்கும் மனமும் அவனோடு இருக்கும். அவை நஷ்டக் கணக்கில் சேருமா?

இந்த யோசனையைக் கேட்டால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சுரங்கத்துத் தொழிலாளி. மேலே நூறடிக்கும் அதிகமான மண், கீழே முட்டும் ஊற்றுநீர், இவற்றுக்கு நடுவேதான் கரி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மண்ணை அகற்றி, நீரை இரவு பகலாக இறைத்து, பொறுமையோடு இறங்கினால்தான் அது கைக்கு வரும்.

நிலக்கரிக்கே இருபத்தேழு வருஷம் காத்திருந்த ஊர், ஒரு பிள்ளைக்காக நான்கு வருஷம் காத்திருக்கக் கூடாதா?