விலகுங்கள், உரிமையை விட்டுவிடாதீர்கள்

"அண்ணன்தானே அடிச்சான், அனுசரிச்சுப் போ." "பெத்தவங்க நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வாங்க." வீட்டுக்குள் அடியும் அவமானமும் படுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் இதுதான். இதைக் கேட்டுக் கேட்டுப் பலர் வருடக்கணக்கில் பொறுத்துப் போகிறார்கள். சிலர் ஒருநாள் பொறுமை உடைந்து, நீட்டிய பத்திரத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறுகிறார்கள். இரண்டுமே இழப்புதான். தீங்கு செய்யும் உறவிலிருந்து விலக யாருக்கும் உரிமை உண்டு. அந்த முடிவை ஆத்திரத்தில் எடுக்காமல், பாதுகாப்பையும் உரிமையையும் கணக்கில் வைத்து எடுக்க வேண்டும்.

மனத்தாங்கலா, தீங்கா?

பத்திரிகை வைக்கும்போது முறையாக அழைக்கவில்லை, சீர் குறைந்துவிட்டது என்பதெல்லாம் மனத்தாங்கல். நாளாவட்டத்திலோ பெரியவர் ஒருவர் பேசியோ அது தீரும். அடிப்பது, கொன்றுவிடுவதாக மிரட்டுவது, சம்பள ஏடிஎம் கார்டையும் சான்றிதழ்களையும் பறித்து வைப்பது, நாலு பேர் முன்னால் ஓயாமல் இழிவுபடுத்துவது, உங்கள் பெயரில் கடன் வாங்கச் சொல்லி நெருக்குவது ஆகியவை தீங்கு. மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள். இது திரும்பத் திரும்ப நடக்கிறதா? வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்கிறதா? அந்த நபர் வருகிறார் என்றாலே பயம் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் விலகல் தேவைப்படுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவே இடமில்லை. குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் தாய்மாமனானாலும் தாத்தாவானாலும் தொடர்பை உடனே நிறுத்த வேண்டும். குடும்ப மானம் என்று மூடி மறைப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 1098 எண்ணை அழையுங்கள்.

எவ்வளவு தூரம் விலகுவது?

தலைமுழுகுவது ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். விசேஷங்களில் மட்டும் பார்ப்பது, தனியாகச் சந்திக்காமல் இருப்பது, பணப் பேச்சை அடியோடு மறுப்பது, சில மாதங்கள் பேசாமலிருப்பது என்று இடையில் பல படிகள் உள்ளன. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது சிறிய படியிலிருந்து தொடங்கலாம். அதை அவர் மதித்தால் உறவுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு எல்லையையும் மீறினால், முழுமையாக விலகுவதே சரி.

சட்டம் தரும் பாதுகாப்பு

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் அல்லது வாழ்ந்த மகளும் சகோதரியும் தாயும்கூட அதன்கீழ் மனு செய்யலாம். அடி மட்டுமல்ல, வசைச்சொல்லும் மன உளைச்சலும் பொருளாதார ஒடுக்குமுறையும் அதில் வன்முறையே. நேரிலோ தொலைபேசியிலோ எழுத்திலோ தொடர்பு கொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை விதிக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரோ 181 உதவி எண்ணோ வழிகாட்டுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு 15100.

பெற்றோரைத் துன்புறுத்தும் பிள்ளைகளுக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் திரும்பக் கேட்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. முதியோர் உதவி எண் 14567.

ஆண்களுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனு செய்ய வழியில்லை. ஆனால் மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் காவல் நிலையத்தில் புகார் தந்து மனு ரசீது பெறலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்கலாம்.

விலகினால் எது போகும், எது போகாது?

இன்னாருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று நாளிதழில் அறிவிப்பு வந்தாலே பூர்வீகச் சொத்தில் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் தந்தை சுயமாகச் சம்பாதித்ததை அவர் விருப்பப்படி யாருக்கும் உயில் எழுதலாம். ஆகவே கோபத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்; வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.

கடமைகளும் அப்படித்தான். பேசாமல் இருந்தாலும், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரும் பொறுப்பு பிள்ளைகளை விட்டு நீங்காது. நண்பனை விட்டு விலகினாலும் அவன் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து உங்களைக் கட்டியே வைத்திருக்கும். அந்தரங்கப் படத்தைக் காட்டி முன்னாள் நண்பர் மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். சைபர் குற்றப்பிரிவில் புகார் செய்யுங்கள்.

வெளியேறும் முன்

வன்முறை செய்பவரிடம் முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். வெளியேறும் நேரம்தான் பல சமயம் ஆபத்து கூடும் நேரம். ஆதார், கல்விச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்துச்சீட்டு ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். தனி வங்கிக் கணக்கு தொடங்கி, கடவுச்சொற்களை மாற்றுங்கள். மிரட்டல் செய்திகளைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். உடனடி ஆபத்துக்கு 112. தூக்கமின்மை, குற்ற உணர்ச்சி, உயிர்விடும் எண்ணம் இருந்தால் 14416 மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

விலகிய பிறகு அவர் மன்னிப்புக் கேட்டு வரலாம். வார்த்தையை வைத்து முடிவு செய்யாமல் நடத்தையைப் பாருங்கள். குடியை விட்டாரா, எடுத்த பணத்தைத் திருப்பினாரா, உங்கள் எல்லையை மதிக்கிறாரா என்று பாருங்கள். மீண்டும் சேர்வதும் சேராமலிருப்பதும் உங்கள் விருப்பம்.

சுற்றியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிபட்டு வருபவரிடம் அனுசரித்துப் போகச் சொல்லாதீர்கள். அன்றிரவு தங்க இடம் கொடுங்கள், மறுநாள் பாதுகாப்பு அலுவலரிடமோ காவல் நிலையத்துக்கோ துணைக்குப் போங்கள். அவருக்கு அப்போது தேவைப்படும் உறவு அதுதான்.