மூன்று வேளை மட்டும் மணி அடித்தால் போதும்

சாயங்காலம் ஏழு மணி. அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கிறது. மேடையில் கிடக்கும் போன் 'டிங்' என்கிறது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால், பிரியாணிக்குத் தள்ளுபடி என்கிறது ஓர் உணவு ஆப். எடுத்ததுதான் எடுத்தாயிற்று, குடும்ப குரூப்பையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத் திரும்பினால் வெங்காயம் கருகிக் கிடக்கிறது.

போனைத் தொடாமல் இருந்துவிட்டால் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இல்லை என்கிறது. உன்னிப்பாகச் செய்யவேண்டிய வேலையின் நடுவே நோட்டிஃபிகேஷன் வந்தபோது, போனை எடுக்காதவர்களும் அதிகம் தவறு செய்தார்கள். யாராக இருக்கும் என்று மனம் அலைபாய்ந்ததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அப்படியானால் மொத்தமாக அணைத்துவிடலாமா? இந்தியாவில் 237 பேரிடம் இரண்டு வாரம் இதைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு வழக்கம்போல, சிலருக்கு மணிக்கு ஒருமுறை, சிலருக்கு நாளைக்கு மூன்று வேளை, மீதிப் பேருக்கு அறவே இல்லை. மூன்று வேளைக்காரர்களுக்குத்தான் மனமும் லேசானது, வேலையும் ஓடியது. ஒன்றுமே வராதவர்களுக்கோ, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது.

ஐபோனில் 2021 முதலே இந்த 'வேளைக் கணக்கு' வசதி உண்டு. அவசரமில்லாதவற்றைச் சேர்த்துவைத்து, நாம் குறித்த நேரத்தில் மொத்தமாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் வந்த நோட்டிஃபிகேஷன் மீதே விரலை அழுத்திப் பிடித்தால் 'சைலன்ட்' தெரியும். ஆப்பை நீக்க வேண்டியதில்லை. பல ஆப்களில் விளம்பரத்தை மட்டும் அணைத்துவிட்டு, பார்சல் வரும் தகவலை விட்டுவைக்கலாம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புது ஆப் எதுவும் அனுமதி கேட்டுத்தான் மணியடிக்க முடியும். அப்போதே மறுத்துவிட்டால் வேலை மிச்சம்.

வாட்ஸ்அப் குரூப்பை எட்டு மணி நேரமோ, ஒரு வாரமோ, எப்போதைக்குமோ மியூட் செய்யலாம். செய்தி எங்கும் போகாது, சத்தம்தான் நிற்கும். மியூட் செய்தது சித்தப்பாவுக்கும் தெரியாது.

பேங்க் எஸ்எம்எஸ்ஸையும் ஓடிபியையும் தொட வேண்டாம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்றால் என்ன செய்வது என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்தாலும், குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். அந்தப் பட்டியலில் இல்லாதவரும், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்க ஓர் ஏற்பாடு உண்டு. அவசரமென்றால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் இரண்டாம் முறை கூப்பிடுவார்.