எலிக்காய்ச்சலும் சேற்று நீரும்

மழைக்காலத்தில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே காய்ச்சல் காண்பவர், தாம் எந்த நீரில் நின்றோமென்று சற்றே நினைந்து பார்த்தல் நலம். எலியின் சிறுநீரிலிருந்து வயற்சேற்றிலும் மாணிக்கக் குழி நீரிலும் கலக்கும் நுண்கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலிற் புகுந்துவிடுகிறது. அதனால் வருவதே எலிக்காய்ச்சல். 1915இல் ஜப்பானிய அறிஞர்களான இனாடாவும் இடோவும் இக்கிருமியைக் கண்டறிந்தனர். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது.

திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். கண் மஞ்சளித்ததும் வெறும் செங்கமாரியெனக் கருதிக் கைம்மருந்தில் நாளைப் போக்கினால், சிறுநீரகம் பழுதுறக்கூடும். இரத்தப் பரிசோதனையின் முடிவு வருமுன்னரே பெனிசிலின், டொக்சிசைக்கிளின் முதலிய மருந்துகளை மருத்துவர் தொடங்குவதுண்டு. ஆகவே, சேற்றில் இறங்கியதை அவரிடம் மறவாது கூறுங்கள். அச்செய்தி ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.