தாதியக் கல்வியும் புள்ளியிடலும்: 'றூப்ரிக்' பற்றிய சில குறிப்புகள்

ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் அறுபது புள்ளியும் இன்னோர் ஆசிரியர் எண்பது புள்ளியும் வழங்குவது கல்வியுலகிற் புதுமையன்று. இலக்கியக் கல்வியில் இதனை இரசனை வேறுபாடு எனக் கூறி அமைந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால், எழுதியவர் தாதியக் கல்லூரி மாணவி எனின், எழுதப்பட்டது சத்திரசிகிச்சைக்குட்பட்ட நோயாளி ஒருவரைப் பராமரிக்கும் திட்டம் எனின், அத்தகைய அமைதி பொருந்தாது. அமெரிக்கத் தாதியக் கல்வியில் இன்று ஒப்படைகளை மதிப்பிடுவதற்குப் பெருவழக்காயுள்ள 'றூப்ரிக்' என்னும் கருவியை இங்கு ஆராய முற்படுகின்றோம். இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையுட் புகுவதற்கு நியாயம் ஒன்றுண்டு. எழுதப்பட்ட ஒன்றின் தகுதியை எதனைக் கொண்டு துணிவது என்பது விமர்சனத்தின் மூலவினாவும் ஆகும்.

செங்காவி மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். மத்தியகால ஐரோப்பிய ஏட்டுப்படிகளில் தலைப்புகளும் வழிபாட்டு நெறிக்குறிப்புகளும் செம்மையால் எழுதப்பட்டமையின் அவற்றுக்கு இப்பெயர் வழங்கிற்று. இன்று கல்வியியலில் இது ஓர் அட்டவணையைச் சுட்டும். நிரைகளில் மதிப்பீட்டு நியமங்கள் இடம்பெறும். நிரல்களில் அடைவு நிலைகள் இடம்பெறும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்நிலைக்குரிய எழுத்து எவ்வாறிருக்கும் என்ற விவரணம் அமையும். நாம் நன்கறிந்த புள்ளித்திட்டம் எதற்கு எத்தனை புள்ளி என்று கூறுவதோடு நின்றுவிடும். இது அதற்கு அப்பாற் செல்கிறது. (தரம், நியமம் என்றவுடன் 1970களின் பல்கலைக்கழக அனுமதித் 'தரப்படுத்தல்' நம் வாசகர்க்கு நினைவு வருதல் இயல்பு. இது அதுவன்று.)

ஆசிரியர் தீர்ப்பின் நிலையாமை நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1912இல் ஸ்ராச், எலியற் என்னும் இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றின் ஆசிரியர்களுக்கு அனுப்பியபோது அதற்கு 64 முதல் 98 வரை புள்ளிகள் கிடைத்தன. 1929இல் வெளிவந்த தமது நூலில் ஐ. ஏ. றிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயர் நீக்கிய கவிதைகளுக்குக் கேம்பிறிட்ஜ் மாணவர் எழுதிய முரண்பட்ட கருத்துகளைத் தொகுத்துக் காட்டினார். 1961இல் போல் டீட்றிச்சும் இணையாளரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 300 கட்டுரைகளைப் பல துறைசார்ந்த 53 பேர் ஒன்பது படிநிலைகளில் மதிப்பிட்டனர். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு படிநிலைகளைப் பெற்றன. ஆய்வாளர் இதைக் கண்டு மலைத்து நின்றுவிடவில்லை. வாசகர் எவற்றை நோக்கி வாசித்தனர் என வினவிக் கருத்து, அமைப்பு, மொழிவழு, சொல்லாட்சி, நடைச்சுவை என ஐந்து காரணிகளைப் பிரித்தெடுத்தனர். தீர்ப்பின் பின்னால் மறைந்திருந்த அளவுகோல்கள் அவ்வாறு வெளிவந்தன.

தாதியக் கல்வியில் இத்தகைய பட்டியலுக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் நைற்றிங்கேல் பயிற்சிப் பாடசாலை தொடங்கியபோது, பயிலுநர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது. அதன் ஒழுக்கப் பகுதியில் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், ஆடையுடற் சுத்தம், விடுதி ஒழுங்கு என ஐந்து தலைப்புகள் இருந்தன; தொழிற் பகுதியிற் பதினான்கு தலைப்புகள் இருந்தன. 'மிகச் சிறப்பு', 'நன்று', 'நடுத்தரம்', 'குறைபாடு', பூச்சியம் என மேற்பார்வைத் தாதி குறியிடுவார். நோயாளியை அவதானித்தல் என்ற தலைப்பின்கீழ் நுண்ணிய உட்பிரிவுகள் பல அமைந்திருந்தமை இன்றும் வியப்பளிக்கிறது. எனினும், பணிவான உழைப்பாளியை உருவாக்க விழைந்த விக்ரோரிய சமுதாயத்தின் வர்க்க நோக்கு ஒழுக்கப் பகுதியில் வெளிப்படை. அமைதியாயிருத்தல் யாருக்கு வசதியானது என்ற வினாவுக்கு அப்படிவத்தில் இடமில்லை. மேலும், 'நடுத்தரம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு பயிலுநர் தாம் எதைத் திருத்த வேண்டும் என அறிதல் அரிது.

அடைமொழியால் அளத்தல் என்னும் இக்குறை, சமூகவியல் நோக்கில், நுட்பக் குறை மாத்திரமன்று. பியர் பூர்தியூவும் மொனிக் டி சென்-மார்த்தனும் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாரிஸ் ஆசிரியர் ஒருவர் தம் மாணவிகள் பற்றி எழுதிவைத்த குறிப்பட்டைகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்ற மாணவிகளிடையேகூட, சமூகப் பின்னணி தாழத் தாழ அடைமொழிகள் கடுமையடைந்தன. தாம் வர்க்கத்தை மதிப்பிடுவதாக அவ்வாசிரியர் எண்ணியிரார். நடையை மதிப்பிடுவதாகவே எண்ணியிருப்பார். அதே ஆண்டில் பேசில் பேர்ண்ஸ்ரைன் 'புலனாகும் கற்பித்தல்', 'புலனாகாக் கற்பித்தல்' எனப் பாகுபடுத்தியதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அளவுகோல் மறைந்திருக்குமிடத்து, அதனை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்தவர் வெல்வர். ஏனையோர் ஆசிரியரின் மனத்தை ஊகித்துக் களைப்பர். குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வி பெறும் மாணவிக்கு, ஒப்படையுடன் சேர்த்து முன்கூட்டியே வழங்கப்படும் அட்டவணையின் பெறுமதி இவ்விடத்திலேதான் உள்ளது.

இனி, அவ்வட்டவணை எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பதைக் காண்போம். கிறிஸ்ரின் ரானர் 2006இல் தாதியரின் மருத்துவநிலைத் தீர்மானத்தைக் கவனித்தல், பொருள்கொள்ளல், செயற்படல், மீள்நோக்கல் என நான்காக வகுத்தார். அதனடியாகக் கதி லசாற்றர் 2007இல் 11 நியமங்களும் நான்கு நிலைகளும் கொண்ட றூப்ரிக் ஒன்றை வெளியிட்டார். செயற்கைச் சூழற் பயிற்சியில் மாணவரை அவதானிப்பதற்கென எழுந்த அக்கருவியின் சிந்தனை, எழுத்து ஒப்படைகளுக்கும் பயன்பட்டு வருகிறது. அதன் நியமங்களுள் ஒன்று, எதிர்பார்க்கும் நிலையினின்றும் விலகல்களை இனங்காணல் என்பது. இதனை நாம் ஓர் ஒப்படைக்குப் பொருத்திப் பார்ப்போம். வயிற்றுச் சத்திரசிகிச்சையின் இரண்டாம் நாளில் நோயாளியின் வெப்பநிலை 38.4 பாகை, நாடி நிமிடத்துக்கு 112, சுவாசம் 24 எனக் கொள்வோம். தொடக்க நிலையில் மாணவி இவ்வெண்களைப் பதிவுசெய்வார், அவ்வளவே. அடுத்த நிலையில் இவை இயல்பெல்லையைக் கடந்தவை என்பார். மேல்நிலையில் முந்திய நாள் அளவீடுகளோடு ஒப்பிட்டு, மூன்றும் ஒருங்கே உயர்ந்தமையைக் காயத்தின் நிலையோடும் நோயாளியின் வேதனையோடும் இணைத்து, தொற்று ஏற்பட்டிருக்கலாம் என ஐயுற்று, வைத்தியருக்கு எதனை, எவ்வளவு விரைவில் அறிவிக்க வேண்டும் என எழுதுவார். இவ்விவரணத்தை வாசித்த மாணவி தாம் நிற்கும் இடத்தையும் அடுத்த படியையும் கண்டுகொள்வார். 'மிக நன்று, நன்று, சுமார்' என்று கட்டங்களை நிரப்பினாலோ, நைற்றிங்கேல் படிவத்துக்கே திரும்பியவராவோம்.

எழுதி வழங்கிவிட்டாற் போதுமா? றொய்ஸ் சட்லர் 1989இல் வலியுறுத்தியவாறு, மாணவர் நியமத்தைத் தாமே கைக்கொள்ள வேண்டும்; தம் எழுத்தை அதனோடு ஒப்பிட வேண்டும்; இடைவெளியைக் குறைக்கும் செயலில் இறங்க வேண்டும். ஆகவே, பெயர் நீக்கிய பழைய ஒப்படைகள் இரண்டை வகுப்பிற் கொடுத்து, அதே அட்டவணையைக் கொண்டு மாணவரையே புள்ளியிடச் செய்தல் பயன் தரும். அவர்களிடையே எழும் கருத்துவேறுபாடு வீணன்று. எந்தக் கட்டத்தின் சொற்கள் தெளிவற்றவை என்பது அப்போதுதான் ஆசிரியருக்கும் புலனாகும். முதல் வரைவுக்குப் புள்ளி வழங்காது கட்டங்களை மட்டும் சுட்டி, திருத்திய வரைவுக்கே புள்ளி வழங்குவது நன்று. பெரிய வகுப்புகளில் இது ஆசிரியரின் உழைப்பைக் கூட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

றூப்ரிக்கை மறுப்போரும் உளர். இது எழுத்தைத் துண்டாடி மாணவரைக் கட்டம் நிரப்புவோராக்கும் என்பது, 2006இல் அல்ஃபி கோன் முதலியோர் எழுப்பிய கண்டனம். மார்க்சியர் இதனை எளிதில் ஒதுக்கவியலாது. சிந்தனையும் செயலும் பிரிக்கப்பட்டு உழைப்பு சிதைவதை ஹறி பிறேவர்மன் 1974இல் விளக்கினார். வைத்தியசாலைகளும் அதற்கு விலக்கல்ல. முதிர்ந்த தாதியின் அறிவு விதிகளுக்குள் அடங்காதென்பதைப் பற்றீசியா பென்னர் 1984இல் எடுத்துக்காட்டினார். ஆயினும், தொடக்கநிலையாளர் விதிகளைப் பற்றிக்கொண்டே நடப்பர் என்பதும் அவரது நூலிலேயே உண்டு. எனவே இவ்வட்டவணை முதலாண்டிற் செறிவாகவும், இறுதியாண்டில் தளர்வாகவும் அமைதல் தகும் என்பது எம் கருத்து. எல்லா ஆண்டுக்கும் ஒரே அட்டவணையை நீட்டும் நிருவாக வசதியை எம்மால் ஏற்க இயலவில்லை.

எஞ்சுவது புள்ளிப்பங்கீடு பற்றிய வினா. மேற்கோள் ஒழுங்குக்கு 20 புள்ளியும் நோயாளியின் பாதுகாப்புக்கு 10 புள்ளியும் ஒதுக்கும் அட்டவணை, அறிவு என்பது ஏட்டிலுள்ளது என மாணவிக்குச் சொல்லாமற் சொல்கிறது. பிழையான மருந்தளவை எழுதிய ஒப்படை, நடைச்சிறப்பினால் ஏனைய நிரைகளிற் புள்ளி திரட்டிச் சித்தியடைவதும் கூட்டல் முறையிற் சாத்தியமே. அந்நிரையிற் குறித்த நிலையை எட்டாதார் சித்தியடையார் என விதித்தல் ஒன்றே இதற்கு வழி. இவற்றை முடிவுசெய்யும் மேசையில் விரிவுரையாளர் மாத்திரம் அமர்தல் போதாது. இரவுப் பணி செய்யும் விடுதித் தாதி ஒருவரும் அமர வேண்டும். 'உரிய வேளையில் அறிவித்தல்' என்ற தொடரைக் கண்டவுடன், எத்தனை நிமிடத்துள் எனக் கேட்கக்கூடியவர் அவரே.