மாதம் ஒரு சனிக்கிழமை: பயனர் குழு நடத்துவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் ஒரே கொண்டாட்டம். இரண்டாவது மாதம் பிரிண்டர் முரண்டு பிடிக்கும். மூன்றாவது மாதம் வைரஸ் வந்து உட்காரும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார். அதோடு உங்கள் பெண்ணின் கல்யாண போட்டோக்களும் போய்விடும் என்பது பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே விஷயம் தெரிந்த நாலு பேரிடம் கேட்க முடிந்தால்? அதற்குத்தான் பயனர் குழு, அதாவது யூசர் குரூப்.

நம் சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஐ.எல்.யு.ஜி.சி. எனப்படும் சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் பிரபு ராமச்சந்திரன். ஐஐடியில் விமானவியல் படித்த இவர்தான் பின்னாளில் 'மாயாவி' என்ற முப்பரிமாணப் படம் காட்டும் சாப்ட்வேரை எழுதியவர். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் 3 மணி என்பது குழுவின் வழக்கமாயிற்று. அடையாறு பக்கம் சர்தார் படேல் சாலை வாசலில் நுழைந்து, வளாக பஸ்ஸில் கஜேந்திரா சர்க்கிளில் இறங்கினால், பக்கத்திலேயே விமானவியல் துறை வகுப்பறை. பல ஆண்டுகள் கூட்டம் அங்கேதான் நடந்தது.

அன்றைக்கு இந்தக் கூட்டத்தின் அருமை என்ன தெரியுமா? 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு சிடி அளவுள்ள லினக்ஸை இறக்க 26 மணி நேரம் ஆகும். நடுவில் போன் லைன் அறுந்தால் போச்சு! சிடி வைத்திருப்பவரிடம் காப்பி வாங்குவதே சுலபம். வாங்கினால் மட்டும் போதுமா? பார்ட்டிஷன் பிரிக்கும்போது கை நடுங்கும். பக்கத்தில் ஏற்கெனவே செய்தவர் ஒருவர் நின்றால் நடுக்கம் பாதி குறையும். 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' என்று கூட்டமாக உட்கார்ந்து லினக்ஸ் போடும் வழக்கம் உலகமெங்கும் வந்தது இதனால்தான்.

இப்படிப்பட்ட குழுக்களுக்கு முன்னோடி அமெரிக்காவின் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் கூடியது. அங்கு வந்த வாஸ்னியாக், தன் ஆப்பிள் 1 கம்ப்யூட்டரின் சர்க்யூட் படத்தை மற்ற உறுப்பினர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்.

சரி, உங்கள் தெருவில் ஒன்று தொடங்க என்ன வேண்டும்? தலைவர், செயலாளர், சந்தா எதுவும் வேண்டாம். மாறாத தேதி வேண்டும். பேச ஆள் வரவில்லை என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டால், அடுத்த மாதம் கேட்க ஆள் வரமாட்டார்கள். மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். இரண்டாவது சனிக்கிழமை நல்ல நாள். 2015 செப்டம்பர் முதல் வங்கி ஊழியர்களுக்கும் அன்று விடுமுறை. மயிலாப்பூர் அடுக்ககத்தின் அசோசியேஷன் அறை போதும். தி.நகரில் நடத்துவதானால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இடத்தை மாற்றுங்கள். அந்தக் கூட்டத்தில் நீந்தி யாரும் வரமாட்டார்கள்! அறைச் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் ஊருக்குப் போனால் கூட்டம் வாசலிலேயே முடிந்துவிடும்.

பல குழுக்கள் படுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். 'கெர்னல்', 'கம்பைல்' என்று காதில் விழுந்ததும், கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதமே ஆன பெரியவர் அடுத்த முறை வரமாட்டார். ஆகவே முதல் அரை மணி நேரத்தைப் புதியவர்களின் சந்தேகங்களுக்கே ஒதுக்குங்கள். ஒரு விதி முக்கியம்: மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. வாயால் சொல்லுங்கள், அவரே செய்யட்டும். கேள்வியையும் பதிலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; அதே கேள்வி கட்டாயம் திரும்ப வரும்.

2020 ஊரடங்கில் சென்னைக் குழுவின் கூட்டம் இணையத்துக்கு மாறியது. ஆகவே நேரில் போக நினைப்பவர்கள் அந்தந்த மாத அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொள்ள விருப்பமென்றால், முக்கிய ஃபைல்களை முதல் நாளே வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். அந்த டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும். கையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துப் போங்கள். எந்தக் கூட்டத்திலும் பிளக் பாயின்ட் போதவே போதாது.