கூப்பிடு தூரம் எவ்வளவு தூரம்?
ஓசையைக் கொண்டு தூரத்தை அளக்கலாம், உயிரையும் காக்கலாம்!

"ஏரி எங்கே இருக்கிறது?" என்று ஜோகுபாளையத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "இதோ, கூப்பிடு தூரம்தான்" என்று அல்சூர் ஏரிப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

ஓசையைக் கொண்டு தூரத்தைச் சொல்வது தமிழர்களுக்குப் புதிது அல்ல. பழைய நீட்டல் அளவையில் "கூப்பிடு" என்பதே ஓர் அளவுதான். நான்கு கூப்பிடு சேர்ந்தது ஒரு காதம்.

ஆனால், ஒருவர் குரல் போல் இன்னொருவர் குரல் இருப்பதில்லை. கூப்பிடும் ஆளுக்கு ஏற்பத் தூரமும் கூடும், குறையும். ஓசை ஓடும் வேகம் அப்படி அல்ல. தொண்டை கிழியக் கத்தினாலும், மெல்லப் பேசினாலும், ஒரே காற்றில் அதன் வேகம் ஒன்றுதான்.

அந்த வேகம் என்ன? 200 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் அதை அளந்து பார்த்தார்கள்!

பீரங்கியும் கடிகாரமும்

1792-ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார்கள். அங்கே வானியல் அறிஞராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். 1802-இல் "சென்னை நேரம்" என்பதை வகுத்துக் கொடுத்தவரும் இவரே.

புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடுவது அன்றைய வழக்கம். அதையே கோல்டிங்ஹாம் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக் கொண்டார். பீரங்கியின் தீப்பொறி தெரிந்தது முதல் அதன் சத்தம் காதில் விழும் வரை எத்தனை விநாடி என்று கடிகாரத்தைக் கொண்டு எண்ணினார்கள். ஒளி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துவிடும். ஓசைதான் நடந்து வர வேண்டும்!

ஆய்வுக் கூடத்தில் இருந்து கோட்டை சுமார் 13,900 அடி. பரங்கிமலை சுமார் 29,500 அடி. கோட்டைச் சத்தம் வந்து சேரச் சுமார் 12 விநாடி ஆகும். மலைச் சத்தம் வரச் சுமார் 26 விநாடி. அடியை விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

1820, 1821 ஆண்டுகளில் மாதம் மாதமாக இப்படிக் கணக்கெடுத்தார்கள். குளிர்ந்த மாதங்களில் ஓசை சற்று மெதுவாகவும், வெயில் மாதங்களில் சற்று விரைவாகவும் வருவது தெரிந்தது. இந்த முடிவுகள் 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியாயின.

அந்த ஆய்வுக் கூடத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. அந்த வழியில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் இன்று நம் பெங்களூர் கோரமங்களாவில்தான் இருக்கிறது.

சுவரிடம் கேளுங்கள்

வேகம் தெரிந்துவிட்டால் கணக்கைத் திருப்பிப் போடலாம். பெங்களூர்க் காற்றில் ஓசை விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. பீரங்கி வேண்டாம். இரண்டு கைகளும் ஒரு கடிகாரமும் போதும்.

ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில், ஒரு பெரிய சுவருக்கு எதிரே 50 மீட்டர் தள்ளி நின்று கை தட்டுங்கள். எதிரொலி திரும்பும் அதே கணத்தில் அடுத்த தட்டல் விழ வேண்டும். தாளம் பிடிபட்டதும், நண்பர் முதல் தட்டலைப் "பூஜ்யம்" என்று தொடங்கி 20 வரை எண்ணட்டும்.

இதற்கு 6 விநாடி ஆனால், ஒரு தட்டலுக்கு 0.3 விநாடி. அதற்குள் ஓசை ஓடியது சுமார் 104 மீட்டர். போக வர இரண்டு வழி அல்லவா? பாதியாக்கினால் சுவர் 52 மீட்டர் தூரத்தில் இருக்கிறது!

17 மீட்டருக்கும் கிட்டே நின்றால் எதிரொலி தனியாகக் கேட்காது. தட்டிய சத்தத்தோடு கலந்துவிடும்.

மீன்பிடிப் படகில் உள்ள கருவி கடலின் ஆழத்தை அறிவது இதே கணக்கில்தான். தண்ணீரில் ஓசை விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். கட்டட வேலையில் பூமிக்குள் இறக்கிய பைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் எதிரொலிதான் உதவுகிறது. பைலின் தலையில் சிறு சுத்தியால் தட்டுவார்கள். கான்கிரீட்டில் ஓசையின் வேகம் விநாடிக்குச் சுமார் 4,000 மீட்டர். 20 மீட்டர் பைலின் அடியைத் தொட்டுத் திரும்ப 100-இல் ஒரு பங்கு விநாடி ஆகும். அதற்கு முன்பே எதிரொலி வந்தால், நடுவில் எங்கோ கோளாறு!

சாரத்தில் நிற்பவர்கள் கவனிக்க

சித்திரை, வைகாசி மாதங்களில் பெங்களூரில் மாலை நேரத்தில் இடியும் மின்னலும் திடீரென்று வரும். சாரத்திலும், சென்டரிங் தட்டின் மேலும், கம்பி கட்டும் இடத்திலும் நிற்கும் நம் தொழிலாளர்களுக்குக் கோல்டிங்ஹாமின் கணக்கு அப்போதுதான் உயிர்க் கணக்கு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னலால் இறந்தவர்கள் 2,800-க்கும் மேல்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 15 விநாடி என்றால் மின்னல் 5 கிலோமீட்டரில் விழுந்திருக்கிறது.

30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். மழை இன்னும் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே வரலாம். உடனே இறங்குங்கள். இரும்புச் சாரத்தையும் கிரேனையும் விட்டு விலகுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். முழுதாகக் கட்டி முடிந்த கட்டடமோ, கண்ணாடி ஏற்றிய காரோ நல்லது.

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை மேலே ஏறக் கூடாது. மின்னல் தாக்கியவரைத் தொடப் பயப்பட வேண்டாம். அவர் உடலில் மின்சாரம் தங்கி இருக்காது. முதலுதவி செய்து, 108-க்குச் சொல்லுங்கள்.

அரை மணிக் கூலி போகிறதே என்று மேஸ்திரி முணுமுணுத்தால், அவரையும் எண்ணச் சொல்லுங்கள்!